காவிரி மின்சாரமும் ஈரக் கைகளும்

குடகு மலையில் பிறந்து மைசூர்ச் சீமையைக் கடந்து வரும் காவிரி, தமிழகத்தை எட்டுவதற்கு முன் சிவசமுத்திரம் என்னும் தீவை இரு கரங்களாலும் அணைத்துக்கொண்டு, பாறைகளின் மேலிருந்து கீழே பாய்கிறது. மேற்குக் கிளையின் வீழ்ச்சிக்குக் ககனசுக்கி என்றும், கிழக்குக் கிளையின் வீழ்ச்சிக்குப் பரசுக்கி என்றும் பெயர். பரசுக்கி, இன்றைய சாமராஜநகர் மாவட்டத்துக் கொள்ளேகால் வட்டத்தைச் சேர்ந்தது. அதே கொள்ளேகால், 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்படும் வரை, சென்னை ராஜ்யத்தின் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது 1997ஆம் ஆண்டில்தான். ஆகவே அன்று அருவியின் ஒரு கரை தமிழ் ஜில்லாவாகவும் மறு கரை மைசூர் சமஸ்தானமாகவும் இருந்தன.

நாம் இங்கே எடுத்துக்கொண்ட பொருள் அருவியின் அழகு அன்று; அதன் விசை. அந்த விசை மின்சாரமாகிக் கம்பி வழியே சென்று சேர்ந்த முதல் இடம், நீரும் வியர்வையும் கலந்த ஒரு வேலைக்களம். அங்கே உழைத்தவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டை ஜில்லாக்களிலிருந்தும் குடிபெயர்ந்த தமிழர். மின்சாரம் வந்த அன்றே, அதன் பிடியிலிருந்து மனிதனைக் காக்கும் கருவியும் உடன் வந்ததா என்றால், வரவில்லை. இடையில் அரை நூற்றாண்டு கழிந்தது. அந்த அரை நூற்றாண்டின் கதை, பிற மாநிலங்களின் ஆலைகளிலும் கற்சுரங்கங்களிலும் இன்று பாடுபடும் நம்மவர் அறிந்துகொள்ள வேண்டிய கதை.

மைசூரின் திவானாக 1883 முதல் 1901 வரை விளங்கிய சேஷாத்திரி ஐயர் பாலக்காட்டுச் சீமையில் பிறந்தவர். சிவசமுத்திரத்தில் மின்நிலையம் அமைக்கும் திட்டத்தைப் பொறியியல் அதிகாரியான காப்டன் ஜோலி டி லோட்பினியர் வகுத்தார். திவான் அதற்குத் துணை நின்றார். சுழலிகள் ஸ்விட்சர்லாந்தின் எஷர் வைஸ் கம்பெனியிலிருந்தும், மின்னாக்கிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியிலிருந்தும் வந்தன. பளுவான பாகங்களை ரயில் நிலையத்திலிருந்து அருவி வரை கொண்டுசேர்க்க மாட்டு வண்டிகளும் யானைகளும் உதவின என்று கூறுவர். 1901 செப்டம்பரில் சேஷாத்திரி ஐயர் காலமானார். 1902 ஜூன் மாதத்தில், 92 மைலுக்கு அப்பாலுள்ள கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் ஓடிற்று. தொடக்கத்தில் அளிக்கப்பட்ட சக்தி சுமார் 4,000 குதிரைச் சக்தி. கம்பியில் இருந்த அழுத்தம் 30,000 வோல்ட்டுக்கும் மேற்பட்டது. உலகிலேயே மிக நீண்ட மின்பாதைகளுள் ஒன்றாக அது அக்காலத்தில் எண்ணப்பட்டது. பெங்களூர் நகர வீதிகளில் விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1905 ஆகஸ்டில்தான். நகரத்துக்கு முன்பே சுரங்கத்துக்கு மின்சாரம் போயிற்று, தங்கம் அல்லவா!

அந்நாளைய பொறியாளர்கள் பாதுகாப்பைப் பற்றி எண்ணவில்லை என்று சொல்லிவிட முடியாது. நிறையவே எண்ணினார்கள். இடி விழுந்து மின்பாதை சேதமாகாதிருக்க இடிதாங்கிகள், கம்பியையும் கம்பத்தையும் பிரித்துவைக்கும் பீங்கான் குமிழ்கள், மின்னோட்டம் அளவு மீறினால் உருகி அறுந்துபோகும் ஃபியூஸ் ஆகியவை அக்காலத்திலேயே வழக்கத்தில் இருந்தன. ஆனால் இவற்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இவை யாவும் கம்பிக்கும் இயந்திரத்துக்கும் காவல். மனிதனுடைய கைக்குக் காவல் இவற்றுள் ஒன்றுகூட இல்லை.

தங்கவயலின் வேலைக்களம் எத்தகையது? சாம்பியன் ரீஃப் சுரங்கம் நிலமட்டத்துக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்றது. அத்தனை ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். தொழிலாளியின் உடல் வியர்வையில் குளித்திருக்கும். பாறையைத் துளைக்கும்போது தூசி எழாதிருக்க நீர் விடுவார்கள். மேலே ஆலையிலோ, தாதுக்கல்லை இடிக்கும் உலக்கைகள் நீரோடுதான் இடித்தன. ஈரம் இல்லாத மூலை அங்கே அரிது.

இத்தகைய இடத்தில் மின்சாரத்தால் நேரக்கூடிய தீங்கை முதலில் தடுத்தது எது என்று பார்த்தால், அது ஒரு மின்கருவியே அன்று. அது காற்று! பாறையைத் துளைக்கும் கருவிகள் அழுத்தக் காற்றினால் இயங்கின. சிவசமுத்திரத்து மின்சாரம் காற்றை அழுத்தும் பெரிய இயந்திரங்களையும், தொழிலாளரை ஏற்றி இறக்கும் சுழல் உருளைகளையும், இடிக்கும் ஆலைகளையும் ஓட்டியது. நனைந்த கையில் பிடிக்கும் கருவிக்கு வந்தது வெறும் காற்று. குழாய் கசிந்தால் சீறும், ஷாக் அடிக்காது. தொழிலாளியின் உயிரைக் கருதி மட்டும் செய்த ஏற்பாடு இது என்று நாம் புகழ வேண்டியதில்லை. காற்றுக் கருவி உறுதியானது, எளியது என்பதும் காரணம். எனினும் விளைந்த நன்மை பெரிது. ஈரமான இடத்தில் மின்சாரத்தை எட்ட நிறுத்துவதே முதற் பாதுகாப்பு என்ற கருத்து இதனுள் அடங்கியிருக்கிறது.

ஆயினும் எல்லா வேலைக்கும் காற்றுப் போதாது. நீரிறைக்கும் பம்பு, கைவிளக்கு, கல்லறுக்கும் ரம்பம், நூல் சுற்றும் ராட்டினம் என மோட்டார் ஒவ்வோரிடமாக நுழைந்தது. 1932ல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோயம்புத்தூர் ஜில்லாவின் ஆலைகளிலும் கிணறுகளிலும் மோட்டார் ஓடத் தொடங்கியதை நம் முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மோட்டாரைத் தொடும் மனிதனுக்கு என்ன காவல் என்ற வினா அப்போதுதான் கூர்மை பெற்றது.

அதற்கு அக்காலம் தந்த விடை எர்த். மோட்டாரின் இரும்பு உடலைத் தடித்த கம்பியால் பூமியில் புதைத்த தகட்டோடோ குழாயோடோ இணைத்துவிட்டால், உள்ளே கம்பியின் உறை கிழிந்து மின்சாரம் உடலில் ஏறினும், அது பூமிக்குள் பாய்ந்துவிடும். பாய்ந்த வேகத்தில் ஃபியூஸ் அறுந்து இயந்திரம் நிற்கும். இது நல்ல ஏற்பாடே. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள், மோட்டாரின் உடலுக்கு ஒன்றல்ல, தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்புகள் வேண்டும் என்றன. ஒன்று அறுந்தால் மற்றொன்று காக்கும். வயர்மேன்கள் இதனை டபுள் எர்த் என்பார்கள். குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் நீர் ஊற்றி வருவது அவர்கள் கைவழக்கம்.

ஆனால் இங்கே ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். எர்த் குழியின் தடை 20 ஓம் என்று கொள்வோம். பாறை நிலத்தில், கோடைக்காலத்தில், இது அதிசயமன்று. 230 வோல்ட்டை 20ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். இந்த மின்னோட்டத்தால் 15 ஆம்பியர் ஃபியூஸ் அறுமா? அறாது. ஆகவே எர்த்தும் இருக்கிறது, ஃபியூஸும் இருக்கிறது, மோட்டாரும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் உடலிலோ ஏறத்தாழ முழு அழுத்தமும் நிற்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே தோன்றும்.

இப்போது மனிதனின் கணக்கு. உலர்ந்த தோலின் தடை பல்லாயிரம் ஓம் வரை இருக்கலாம். நனைந்த கையும் நனைந்த காலும் உடையவனுக்கு அது ஏறத்தாழ 1,000 ஓம் அளவுக்குத் தாழ்ந்துவிடும். 230 வோல்ட் அவன் உடல் வழியே செலுத்தும் மின்னோட்டம் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். ஒரு 60 வாட் விளக்கு எரிவதற்குச் செல்லும் மின்னோட்டத்தினும் இது சற்றுக் குறைவு. ஃபியூஸுக்கு இது கொசுக்கடி. மனித இதயத்துக்கோ யமன்.

மனிதன் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்குவான் என்பதை அளந்து காட்டியவர்களுள் தலைசிறந்தவர் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல். 1940களிலும் 1950களிலும் அவர் செய்த சோதனைகள் துணிச்சலானவை. தாமாக முன்வந்த 134 ஆண்களையும் 28 பெண்களையும் ஈரக் கையால் கம்பியைப் பிடிக்கச் செய்து, மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். எந்த அளவுக்கு மேல் அவர்களால் கையை விடுவித்துக்கொள்ள முடியவில்லை என்று குறித்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேற்பட்டால் கையின் தசைகள் இறுகிக் கம்பியைப் பற்றிக்கொள்கின்றன. கரண்ட் பிடித்துக்கொண்டது என்று நம் ஊர்களில் சொல்வார்களே, அச்சொல் உண்மையில் மிகச் சரியானது. பிடிப்பது தன் கையேயாயினும் விடுவிக்க அவன் வசத்தில் இல்லை. பல பத்து மில்லி ஆம்பியர் சில நொடி நீடித்தால் இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுத் துள்ளி நடுங்கத் தொடங்கும். அதன்பின் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு விலை.

ஆக, வேண்டியது என்ன? ஆம்பியர் கணக்கில் அன்றி, மில்லி ஆம்பியர் கணக்கில் விழித்திருக்கும் காவலாளி. அதன் தத்துவம் 1928லேயே ஜெர்மனியில் காப்புரிமை பெற்றுவிட்டது. அது ஒரு கணக்கப்பிள்ளையின் தத்துவம் என்று சொல்லலாம். இயந்திரத்துக்குச் செல்லும் கம்பிகள் யாவும் ஓர் இரும்பு வளையத்தின் ஊடே செல்கின்றன. போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமாயிருந்தால் வளையம் சும்மா இருக்கும். சிறிது குறைந்தால், குறைந்தது வேறெங்கோ, ஒருகால் ஒரு மனிதனின் உடல் வழியே, பூமிக்குப் போயிருக்க வேண்டும். வளையம் அதை உணர்ந்து கணப்போதில் இணைப்பைத் துண்டிக்கும். போட்ட காசும் வந்த காசும் ஒத்துவராவிட்டால் கடையை மூடு என்பது போல!

தத்துவம் இருந்தும் கருவி மந்தமாகவே இருந்தது. நெடுங்காலம் இவ்வகைக் கருவிகள் 10 ஆம்பியர் அளவு கசிந்தால்தான் விழித்தன. அதைக் கூர்மையாக்கியது எங்கே என்பதுதான் நம் கதையின் சுவையான திருப்பம். அதுவும் ஒரு தங்கச் சுரங்கத்தில்தான். தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் மின்விபத்து பெருங்கவலையாயிருந்தது. ஜோகனஸ்பர்க் அருகே ஃபூக்ஸ் என்ற மின்கருவிக் கம்பெனியில் பொறியாளராயிருந்த ஹென்றி ரூபின், 1955ல், 525 வோல்ட் சுரங்க மின்சாரத்துக்கென 250 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கருவியைச் செய்தார். பல சுரங்கங்களில் அது செம்மையாக வேலை செய்தது. அவர் அத்தோடு அமையவில்லை. 1956இன் தொடக்கத்தில் 20 மில்லி ஆம்பியருக்கும் குறைந்த கசிவிலேயே துண்டிக்கும் மாதிரியைக் காட்டினார். ஸ்டில்ஃபான்டீன் என்ற சுரங்கக் குடியிருப்பில் ஒரு பெண்மணி வீட்டு மின்சாதனத்தால் இறந்துபோன பின், 1957லும் 1958லும் அவ்வூர் வீடுகள் சில நூற்றில் இக்கருவி பொருத்தப்பட்டது. டால்சியலும் 1961ல் 5 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கருவியை ஆக்கினார்.

1902ல் கோலாரின் தங்கத்துக்காக மின்சாரம் வந்தது. 1955ல் வேறொரு கண்டத்தின் தங்கத்துக்காக அதன் கடிவாளம் வந்தது. இடைப்பட்டது 53 ஆண்டுகள். இயந்திரத்துக்கு வேண்டிய பாதுகாப்பு இயந்திரத்தோடு கூடவே வந்துவிடுகிறது. உடைந்தால் முதலாளிக்கு நஷ்டம். மனிதனுக்கு வேண்டியது பின்தங்கியே வருகிறது.

சட்டம் தன்னாலானதைச் செய்தது. இன்னொரு வழியை அது கைக்கொண்டது: அழுத்தத்தைக் குறைப்பது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், தொட்டி, குழி முதலிய அடைபட்ட இடங்களில் எடுத்துச்செல்லும் கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேற்படலாகாது என்றது. 1956ஆம் ஆண்டு விதிகள் சுரங்கத்தின் அடியில் கைவிளக்குக்கு 30 வோல்ட்டை எல்லையாக வைத்தன. இங்கிலாந்தில் கட்டட வேலைகளுக்கு 110 வோல்ட் மின்மாற்றியைப் பயன்படுத்தி, அதன் நடுவை எர்த் செய்து, மனிதனைத் தாக்கக்கூடியது 55 வோல்ட் மட்டுமே என்று செய்துவிட்டார்கள். கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவியும் பிற்காலத்தில் நம் நாட்டு விதிகளில் இடம்பெற்றது. 2010ல் மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகளிலும், அவற்றுக்குப் பின் 2023ல் வந்தவற்றிலும் அது தொடர்ந்து இருக்கிறது.

மீண்டும் சாமராஜநகருக்கு வருவோம். கோலார் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு மூடப்பட்டன. அருவிக்கு அருகிலுள்ள இம்மாவட்டத்திலோ ஈரமும் மின்சாரமும் சந்திக்கும் வேலைக்களங்கள் பெருகியிருக்கின்றன. முக்கியமானவை இரண்டு.

ஒன்று பட்டு. கொள்ளேகால் பட்டுக்குப் பேர்போனது. பட்டுக்கூடுகளை வெந்நீர்த் தொட்டியிலிட்டு இழை பிரித்துச் சுற்றும் வேலையில், கை நாள் முழுதும் நீரில் கிடக்கும். விரல்களின் தோல் வெளுத்துச் சுருங்கும். முன்பு கையால் சுற்றிய ராட்டினத்தை மோட்டார் சுற்றுகிறது. ஈரக் கையும் மோட்டாரின் ஸ்விட்சும் முழ இடைவெளியில் இருக்கின்றன. இவ்வேலையில் பெண்கள் மிகுதி. டால்சியல் கண்ட 10.5 என்ற எண்ணை நினைவில் வைத்துப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும்.

மற்றொன்று கல். சாமராஜநகரின் கருங்கல் உலகச் சந்தையில் இவ்வூரின் பெயராலேயே அறியப்படுகிறது. மலையிலிருந்து பாளத்தை அறுக்க வைரமணிகள் கோத்த கம்பி ரம்பம் ஓடுகிறது. கம்பி சூடேறாதிருக்கவும் தூசி அடங்கவும் அதன் மேல் ஓயாது நீர் வார்க்க வேண்டும். பாளங்களைப் பலகைகளாக அறுக்கும் ஆலையிலும், மெருகிடும் இயந்திரத்திலும் இதே கதை. தரையெங்கும் கல்மாவு கரைந்த சேறு. அதன் மேல் நீண்டு கிடக்கும் மின்கேபிள். அதன் மேல் கல் உருளும், லாரி ஏறும். உறை ஓரிடத்தில் கீறினால் போதும். போதாததற்குப் பாறை நிலமாதலால் எர்த் நன்றாக அமைவதும் கடினம். மேலே நாம் போட்ட 20 ஓம் கணக்கு இங்கே மிகைக் கணக்கு அன்று.

இத்தகைய இடத்தில் கசிவுக் காவலாளியை வைத்தால் ஒரு புதிய தொல்லை எழுகிறது. இதை மறைப்பதில் பயனில்லை. நீண்ட கேபிளும் நனைந்த மோட்டாரும் இயல்பாகவே சிறிது கசியும். பல இயந்திரங்களின் கசிவு ஒன்றுசேர்ந்தால் 30 மில்லி ஆம்பியரைத் தாண்டிவிடும். கருவி காரணமின்றித் துண்டிப்பது போல் தோன்றும். அறுத்துக்கொண்டிருந்த பாளம் பாதியில் நிற்கும். மேஸ்திரிக்குக் கோபம் வரும். யாரோ ஒருவர் கருவியை விலக்கிவிட்டு, கம்பியை நேரே இணைத்து, டைரக்ட் கொடுத்துவிடுவார். அன்று வேலை தடையின்றி நடக்கும். இந்த டைரக்ட்டுக்கு மாற்று, அறிந்த வயர்மேனுக்குத் தெரிந்ததே: எல்லா இயந்திரங்களுக்கும் ஒரே கருவி வையாமல், கையால் பிடிக்கும் ஒவ்வொன்றுக்கும் 30 மில்லி ஆம்பியர்க் கருவி தனியாக, தலைவாயிலில் அதனினும் பெரிய அளவில், சற்றுத் தாமதித்துத் துண்டிக்கும் கருவி ஒன்று. செலவு கூடும்தான். அதோடு ஸ்விட்சுப் பெட்டி நீர் புகாததாக இருக்க வேண்டும். ஐ.பி. 55 என்று பொறித்திருந்தால், அதன் இரண்டாவது 5, குழாயால் பீய்ச்சிய நீரையும் தாங்கும் என்று பொருள். அப்பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்தால் அந்த 5க்குப் பொருளே இல்லை. மேலும் ஒன்று: இரு கம்பிகளையும் இரு கைகளால் ஒருங்கே பிடித்து, பூமியைத் தொடாமல் நிற்பவனை இக்கருவி காக்காது, போனதும் வந்ததும் அங்கே சமமாகத்தானே இருக்கும்?

நம்மவர் இம்மாவட்டத்திலும் அதன் எல்லைப் பகுதிகளிலும் வாழ்வது புதிதன்று. ஆயினும் வேற்று மாநிலத்தில் வேலைக்குப் போகிறவருக்கு ஓர் இடர் கூடுதலாக உண்டு. அது எழுத்து. 1956ஆம் ஆண்டு விதிகள், உயர் அழுத்தமுள்ள இடங்களில் அபாய அறிவிப்பு ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ, அதோடு அந்த ஜில்லாவின் மொழியிலும், மண்டையோட்டுக் குறியுடன் இருக்க வேண்டும் என்றன. வந்து சேர்ந்தவனின் மொழியை அவை கேட்கவில்லை. நல்ல வேளையாக, மண்டையோட்டுக்கு மொழி இல்லை. அபாயம் என்ற நம் சொல்லும் கன்னடத்தில் அபாய என்றே வழங்குகிறது. ஆனால் ஷாக் அடித்தவனை எப்படி மீட்பது என்று சுவரில் ஒட்டியிருக்கும் தாள் அவ்வளவு எளிதில் விளங்காது. அந்தத் தாளின் பொருளும் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. பழைய தாள்களில் குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்தும் முறை இருந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கௌவன்ஹோவன் என்ற மின்பொறியாளர், மின்சாரத்தால் இறக்கும் கம்பி வேலைக்காரர்களை மீட்க வழி தேடி ஆராய்ந்ததன் பயனாக, மார்பின் நடுவை இரு கைகளாலும் விட்டுவிட்டு அழுத்தி இதயத்தை இயக்கும் முறை 1960ல் வெளிவந்தது. இன்று மருத்துவமனைகளில் இதயம் நின்ற நோயாளிக்குச் செய்கிற அம்முறையின் வேரில் ஒரு லைன்மேன் இருக்கிறான் என்பது பலரும் அறியாதது.

மீட்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் தொட்டவர் இரண்டாவது பிணமாவார். மெயின் ஸ்விட்ச் எங்கே என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கசிவுக் கருவியிலுள்ள சோதனைப் பொத்தானை மாதத்துக்கு ஒருமுறை யார் அழுத்திப் பார்க்கிறார்கள் என்றும் கேட்கலாம். எட்ட நின்று கூவ வேண்டி வந்தால், 'கரண்ட் ஆஃப் மாடி' என்றால் அங்குள்ள எவருக்கும் விளங்கும். மூன்று சொற்களில் முதல் இரண்டும் நம் ஊர்ப் பட்டறைகளில் வழங்குபவையே. கன்னடத்தில் புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுதான்.